சாவி வராத மெஷின்

அந்த வட்டாரத்தில் அவருக்கு இருந்த பெயர் "நல்லாயிருக்கு." பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது காகிதங்களில் மட்டும் பத்திரமாக இருந்தது. தொழில், வாஷிங் மெஷின் மெக்கானிக். மெஷின் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். போவார், பின்பக்கம் எட்டிப் பார்ப்பார், கீழே இருக்கிற ஃபில்டரைக் கழற்றி ஒரு ஹேர்பின்னையோ சட்டைப் பொத்தானையோ எடுத்து வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைப்பார். "மெஷின் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். போர்டு போச்சு, மோட்டார் போச்சு என்று சொல்லிப் பிழைக்கிற வித்தை அவருக்குக் கைவரவில்லை. அவரோடு சேர்ந்து தொழில் கற்ற இருவர் தெருமுனையில் கடை போட்டுப் பெரிய ஆளாகிவிட்டார்கள். இவர் இன்னும் பழைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி இறங்கிக்கொண்டிருந்தார். பிழைக்கத் தெரியாதவன் என்று பெற்ற அம்மாவே சொல்வார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அதை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்கள். திரும்பி வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. அங்கே பழகிய மெஷினையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதனால் எந்த தேசத்தில் எப்படித் துணி துவைக்கிறார்கள் என்பது, ஊர் எல்லையைத் தாண்டாத நம் மெக்கானிக்குக்கு அத்துப்படி. ஒரு தேசத்தில் மெஷினைச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே வைப்பார்களாம். இதைக் கேட்ட அன்றைக்கு அவருடைய அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு தேசத்தில் கட்டடத்துக்கே ஒரு மெஷின்தான், பூமிக்கடியில் ஓர் அறையில். முறை வைத்துத்தான் துவைக்க வேண்டும். அடுத்தவர் முறையில் ஒரு கைக்குட்டையை நனைத்தாலும் ஜென்மப் பகை. வேறொன்றில் துணியை வெளியே காயப்போட்டால் தெருவின் மானம் போய்விடுமாம். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே இவர்கள் கரண்டைக் கொளுத்தித் துணி காயவைப்பார்கள்.

அங்கிருந்து திரும்பிய கணக்காளர் ஒருவர், டிரையர் ஓடவில்லை, நாலு நாளாக ஈரத் துணியோடு அல்லாடுகிறோம் என்று இவரைக் கூப்பிட்டார். நம்மவர் டிரையரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கணக்காளரைக் கையோடு மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், அங்கே காலியாகத் தொங்கிக்கொண்டிருந்த கொடியைத் தட்டிப் பார்த்து, "இது நல்லாயிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இப்படி இருந்தால் பணம் எங்கிருந்து சேரும்?

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் காரணம் அந்த வாய்தான். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா, எல்லாம் பிடித்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார். எல்லாம் சரி, உங்கள் ஃப்ரிட்ஜ் போடுகிற சத்தம்தான் சரியில்லை, கதவு ரப்பர் போய்விட்டது என்றார் இவர். அவர்கள் அதற்குப் பிறகு சொல்லி அனுப்பவே இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கணக்கில், நம்மவர் வீட்டில் ஓடுகிற மெஷின் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று மெஷின்கள் கூடத்தில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தன. அம்மாவுக்குச் சோப்புத் தண்ணீர் பட்டால் கை வெடித்துப் புண்ணாகிவிடும். அதனால் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே வீட்டுத் துணியெல்லாம் துவைப்பது பிள்ளைதான். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

இஸ்திரிக்கடைக்காரர்தான் புதிதாக ஒரு கல்யாணப் பேச்சை எடுத்தவர். நாலு தெருத் துணியும் அவர் கைக்கு வருவதால் நாலு தெருக் கதையும் வரும். கோயில் மணி மாதிரி கணீரென்ற குரல். ஃபாரின் அக்கா என்று தெருவில் சொல்கிறார்களே, அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று மெக்கானிக்கின் அம்மாவிடம் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் வேலை. சமையல் இல்லை, பிள்ளை பார்ப்பது இல்லை, துணி மட்டும். அந்த வீட்டில் பத்துப் பேர். எஜமானர் சட்டைக்கு ஒரு சூடு, குழந்தைகள் துணிக்கு ஒரு சூடு, மேசைவிரிப்புக்கு இன்னொரு சூடு. காலுறைக்குக்கூட இஸ்திரி. போன வருஷம்தான் அதே வீட்டு மெஷினோடு திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

மெக்கானிக் அவரை முன்பே பார்த்திருந்தார். இஸ்திரிக்கடையில் ஒருநாள் அந்த அக்கா, அடுக்கியிருந்த சட்டைகளில் ஒன்றின் காலரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "இது இன்னும் ஈரம், மடிச்சா நாறும்" என்று திருப்பிக் கொடுத்தார். உள்ளங்கையால் தொட்டால் ஈரம் தெரியாது, புறங்கைக்குத்தான் தெரியும். தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே அப்படித் தொடுவார்கள். அந்த நிமிஷமே மெக்கானிக்குக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரு ஸ்குரூவைத் தவறான துளையில் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். இந்த இடம் மட்டும் கூடி வந்துவிட வேண்டும் என்று அவர் மனதுக்குள் வேண்டாத சாமி இல்லை.

அந்தப் பக்கம் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வேறு கணக்கு இருந்தது. தங்கையோடு வந்த மெஷின் வந்த நாளிலிருந்து ஓடவே இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் செலவு. மெக்கானிக்கே மாப்பிள்ளையாக வந்தால்? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அண்ணன் இஸ்திரிக்கடையில் வைத்தே சொல்லியிருக்கிறார். இஸ்திரிக்காரர் அதை ஒளிக்காமல் இங்கே வந்து ஒப்பித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் பிள்ளையும் போனார்கள். வேண்டாம் என்று அம்மா தலையால் அடித்துக்கொண்டும் தோள்பை கூடவே வந்தது. கூடத்து மூலையில் மெஷின் நின்றது. மேலே பூப்போட்ட விரிப்பு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, பக்கத்தில் மூன்று பெரிய அழுக்குத்துணி மூட்டைகள். விருந்தாளி வருகிற நாளில் அழுக்கு மூட்டையைக் கூடத்தில் வைப்பார்களா என்று அம்மா முகத்தைச் சுளித்தார். அண்ணி சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். எப்படியும் இன்றைக்கு மெஷின் சரியாகிவிடும் அல்லவா, முதல் ஓட்டத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்றுதான். ஒன்று வீட்டுத் துணி, ஒன்று அண்ணியுடைய தங்கை வீட்டுத் துணி, மூன்றாவது பின்தெரு லேடீஸ் ஹாஸ்டலிலிருந்து மாதிரிக்கு வாங்கி வந்தது. ஹாஸ்டல் வார்டனோடு பேசி முடித்தாகிவிட்டதாம். மெஷின் மட்டும் ஓட ஆரம்பித்துவிட்டால் ஹாஸ்டல் துணி மொத்தமும் இங்கேதான்.

"வீட்லயே கைதேர்ந்த ஆள் இருக்கும்போது வெளிய எதுக்குங்க ஆள் தேடணும்? கல்யாணத்த வேணா ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு நிதானமா வச்சுக்கலாம்" என்றார் அண்ணி.

கைதேர்ந்த ஆள் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மெக்கானிக் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மெஷினைச் சரிசெய்தால் இரண்டு வருஷம். ஹாஸ்டல் துணிக்கு முடிவேது? அது இருபதாகவும் ஆகலாம். சரிசெய்யாவிட்டால், கைக்கு வந்த மாங்காயில் ஒன்று சொத்தை என்று அண்ணனுக்குத் தோன்றிவிடலாம். என்ன ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று பையைத் திறந்தார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அண்ணன் நடந்ததைச் சொன்னார். வந்த அன்றைக்கே பிளக்கைச் சொருகினார்களாம். விளக்கெல்லாம் அழகாக எரிந்தது. கூடவே ஒரு சாவிப் படம் வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மெஷின் அசையவில்லை, சாவிதான் மின்னியது. எழுத்தெல்லாம் அந்த நாட்டு எழுத்து, வீட்டில் தங்கைக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். தங்கை படித்துச் சொன்னாள், "சாவி போடவும்" என்று எழுதியிருக்கிறதாம். சாவி அந்த நாட்டு எஜமானியம்மாவிடமே தங்கிவிட்டதாம். பீரோவுக்குச் சாவி உண்டு, பெட்டிக்குச் சாவி உண்டு, வண்டிக்கு உண்டு. வெளிநாட்டு மெஷினுக்கு இருக்காதா என்ன? அண்ணன் பார்சல் அட்டையையெல்லாம் கிழித்துத் தேடியிருக்கிறார். பீரோச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு துவாரம் எங்கே என்று மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். கடைசியில் பூட்டுக்காரரையே கூட்டி வந்தார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துவாரமே இல்லாத பூட்டுக்கு நான் எந்த ஜென்மத்தில் சாவி செய்வது என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மெக்கானிக் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. பூச்சாடியை எடுத்து வைத்து, மண்டிபோட்டு, பிளக்கைச் சொருகினார். விளக்கு எரிந்தது. சாவி மின்னியது. எழுத்து எந்த நாட்டு எழுத்தாக இருந்தால் என்ன, இந்தப் படம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் கண்ட பொத்தானை அழுத்தி விளையாடாமல் இருப்பதற்கான பூட்டு. இரண்டு பொத்தான்களைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் சாவி மறைந்துவிடும், மெஷின் ஓடும். வேறு ஒரு குறையும் இல்லை. அவருடைய இரண்டு விரல்களும் தாமாகவே அந்தப் பொத்தான்கள்மேல் போய் உட்கார்ந்தன.

அப்போதுதான் அது உறைத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இதே மெஷினோடு பழகியவருக்கு இந்தச் சாவி தெரியாமல் இருக்குமா?

மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவில், பின்னால் நிற்கிற அக்காவின் உருவம் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. கெஞ்சவும் இல்லை, சாடை காட்டவும் இல்லை. மூன்று மூட்டைகளையும் ஒருமுறை பார்த்தார், பிறகு பொத்தான்மேல் இருந்த விரல்களைப் பார்த்தார். அவ்வளவுதான். மெக்கானிக் விரல்களை எடுத்துவிட்டார்.

"என்ன தம்பி, டூப்ளிகேட் சாவி போட்டுறலாமா?" என்று கேட்டார் அண்ணன்.

"இதுக்குச் சாவி எந்தக் கடையிலயும் கிடைக்காதுங்க."

"அந்த நாட்டு அம்மாகிட்டயே கேட்டு வாங்கினா?"

"அவங்ககிட்டயும் இருக்காதுங்க."

இதுவரைக்கும் எல்லாம் சத்தியமான உண்மை. இல்லாத சாவி எந்தக் கடையில் கிடைக்கும்? இப்படியே தப்பித்துவிடலாம் என்று அவர் நினைத்தபோது அண்ணி நேராகக் கேட்டுவிட்டார். "சுத்தி வளைக்காம சொல்லுங்க. மெஷின் நல்லாயிருக்கா, இல்லியா?"

அம்மா காபி டம்ளரைப் பாதி தூக்கியபடி பிள்ளையைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அவன் என்ன சொல்வான் என்று ஊருக்கே தெரியும். வாழ்க்கையில் ஒரு நல்ல மெஷினை மெக்கானிக் கெட்டது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்குக் கடை வைத்திருப்பார், வண்டி வைத்திருப்பார். ஒரு காசும் வராத இடத்தில் போய் முதல் பொய்யைச் சொல்லப்போகிறோமே என்று நினைத்தபோது உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

"இல்லீங்க. நல்லால்ல" என்றார்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நல்லாயிருக்கு மெக்கானிக்கே நல்லால்ல என்று சொன்னபிறகு அப்பீல் ஏது? அண்ணி பெருமூச்சு விட்டு, ஹாஸ்டல் மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அப்படியானால் இரண்டு வருஷமெல்லாம் எதற்கு, இருவரும் பேசிப் பார்த்துவிட்டு வரட்டும், சீக்கிரமே முடித்துவிடலாம் என்று அண்ணன் கணக்கை மாற்றிப் போட்டார்.

பின்கட்டில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுத் துணி முழுவதும் கையால் துவைத்தது, யார் கை என்று கேட்கத் தேவையில்லை. ஆனால் அளவு கொஞ்சம்தான். மெஷின் ஓடாத வீட்டில் அண்ணியுடைய தங்கை வீட்டு மூட்டைக்கும் ஹாஸ்டல் மூட்டைக்கும் இடமில்லை அல்லவா. அக்கா ஒரு கிளிப்பைப் பிடுங்குவதும் மாட்டுவதுமாக இருந்தார். நன்றி சொல்வார் என்று மெக்கானிக் எதிர்பார்த்திருந்தால் அவருக்கு ஏமாற்றம்தான்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

மூட்டையைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார் மெக்கானிக்.

அக்கா எல்லாவற்றையும் கொட்டினார். மெஷின் வந்த அன்றைக்கு, அட்டையைக்கூடப் பிரித்து முடிக்கவில்லை, அண்ணி இரண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாராம். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி போர்வையோடு வந்து நின்றாளாம். அங்கே பத்துப் பேருக்குத் துவைத்தது போதாதா, இங்கே தெருவுக்கே துவைக்க வேண்டுமா என்று வந்த ஆத்திரத்தில், அண்ணன் பிளக்கைச் சொருகியதுமே யாரும் பார்க்காமல் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பூட்டிவிட்டார். சாவி கதை அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. அண்ணன் அதை நம்பிப் பீரோச் சாவியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அதைச் சொல்லும்போது சிரிப்பு எட்டிப் பார்த்தது, உடனே அடக்கிக்கொண்டார்.

"இன்னிக்கு உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தேன். மெக்கானிக் வீடுன்னா மெஷினோடதான் குடித்தனம். துணி வேலை தெரிஞ்ச பொம்பளையாப் பாத்துக் கட்டிக்கறீங்க. இப்ப என் குட்டும் உங்க கையில. அங்க போனதும் அந்தச் சாவிய எடுத்துட்டு, ம், துவைம்பீங்க. அப்படித்தானே?"

"எங்க வீட்ல துணி நான்தாங்க துவைக்கிறேன்."

அக்கா நம்பவில்லை. ஆண்பிள்ளைகள் பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்கிற அண்டப்புளுகுகளை அவரும் கேட்டிருப்பார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு விசாரணையில் இறங்கினார். கம்பளிச் சட்டையை எப்படிப் பிழிவீர்கள் என்று கேட்டார். பிழியவே மாட்டேன், உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்துவேன் என்றார் மெக்கானிக். வெள்ளைச் சட்டையில் பேனா மை? முதலில் தண்ணீரே காட்டக்கூடாது. புதுச் சிவப்புத் துணி? முதல் நாலு தடவை தனியாக ஒரு வாளி. ஒவ்வொரு பதிலுக்கும் அக்காவின் கை இடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப, எனக்கும் சேர்த்துத் துவைப்பீங்களா?" குரல் சின்னதாகிவிட்டது.

"உங்களுக்கும் சேர்த்துத்தான்."

அக்கா கொடியின் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தனக்குச் சம்மதம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணி ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று விசாரித்தார். சோப்பு என்றார் அக்கா.

கல்யாணம் எளிமையாக நடந்தது. அண்ணனும் அண்ணியும் பெரிய மனசு பண்ணி அந்த மெஷினையே அன்பளிப்பாக அனுப்பி வைத்தார்கள். ஓடாவிட்டால் என்ன, மெக்கானிக் வீட்டில் உதிரிப் பாகத்துக்காவது ஆகும் என்று நாலு பேர் முன்னால் சொல்லியும் காட்டினார்கள். கூடத்தில் கிடந்த மூன்று மெஷின் பிணங்களையும் அகற்றி, குழாய்க்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினார் மெக்கானிக். ஃபாரின் அக்கா வந்து இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். சாவி மறைந்தது. "அடிப்பாவி" என்று மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். இந்தக் கதை அவருக்கு அப்போதுதான் தெரியும்.

பழக்கம் யாரை விட்டது? அக்கா மாமியாரின் புடவைகளையும் வீட்டுக்காரரின் சட்டைகளையும் எடுத்து நிறம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் அவற்றை வாங்கி ஓரமாக வைத்தார். இதெல்லாம் அப்புறம், முதலில் உன் துணியைக் கொடு என்றார். அக்கா தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"என் துணியவா? இதுலயா?"

"வேற எதுல?"

"அந்த வீட்ல வேலைக்காரங்க துணிய மெஷின்ல போடக் கூடாது. அவங்க துணியோட சேரக் கூடாதுன்னு ரூல். என் துணிய நான் என் ரூம்ல வாளியில நனைச்சுக்குவேன். இத்தனை வருஷம் இதுகூடவே இருந்தேன், என் துணி ஒண்ணுகூட இதுக்குள்ள போனதில்ல. ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கணும்னுதான் இதக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

மெக்கானிக் பையை மடியிலிருந்து எடுத்தார். மூன்று புடவை, இரண்டு பாவாடை, ஒரு பழைய நைட்டி, அங்கே போட்டுப் போட்டு வெளுத்துப்போன சீருடை ஒன்று. ஒவ்வொன்றாக உதறி உள்ளே போட்டார். வேறு எந்தத் துணியும் சேர்க்கவில்லை. சோப்பைப் போட்டுக் கதவைச் சாத்தினார். தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

அந்த மெஷின் ஒருமுறை துவைத்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். சாப்பிட வா என்று மாமியார் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டை அங்கேயே கொண்டுவந்து கையில் கொடுத்தார். அக்கா சாப்பிட்டார். கண்ணை மட்டும் கதவிலிருந்து எடுக்கவில்லை.

"என்னோடதுதான் சுத்துது" என்று மாமியாரிடம் காட்டினார்.